ஆணியக்கா வாங்கிய அன்பளிப்பு

வருஷா வருஷம் பள்ளிக்கூடம் நீண்ட விடுமுறைக்கு மூடுகிற அன்று, பள்ளி பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வருவார். பெற்றோர்கள் கொடுத்த அன்பளிப்புகள் அதில் இருக்கும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் மனைவி பையைப் பிடுங்கி, கூடத்துத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் பிரேதப் பரிசோதனை செய்வாள்.

"இதைப் பாருங்க. டைரியாம். போன வருஷத்து டைரி. எழுதின நாலு பக்கத்தைக் கிழிச்சுட்டுக் குடுத்திருக்கா மகராசி. இது என்ன, சட்டையா? உங்க ஒரு கை நுழைஞ்சா பெரிசு. சாக்லேட்டு... தேதியைப் படிச்சீங்களா? போன மாசமே இதுக்குக் காரியம் முடிஞ்சாச்சு."

"ஏதோ ஆசையா குடுக்கறாங்க, விடேன்."

"ஆசையா! அலமாரியை ஒழிச்சிருக்காங்க. குப்பை வண்டி வர்றதுக்கு முன்னாடி நீங்க வந்துட்டீங்க, அவ்வளவுதான்."

டிரைவர் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போய்விடுவார். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் விடுமுறை இப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தப் பெண்ணை வட்டாரமே ஆணியக்கா என்றுதான் கூப்பிடும். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அவளுக்கு இரும்புச் சாமான் கடை. அப்பா நடத்திய கடை. அவர் முழங்கால் போனதும் பதினேழு வயதில் கல்லாவில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை கடைக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "வேற யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். "என்ன வேணும்?" என்பாள். "குழாய்க்கு ஒரு வாஷர்." "என்ன அளவு?" அங்கே அவர்கள் வாய் அடைத்துவிடும். "அளவு தெரியாம வந்துட்டு ஆளைத் தேடறீங்களா? போய் அளந்துட்டு வாங்க."

கீலோ தாழ்ப்பாளோ பூட்டோ, எதையும் உள்ளங்கையில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டி, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். அது எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் சுண்டிப் பார்த்தாள். பெரும்பாலும் தகரச் சத்தமே கேட்டது. அதை அவள் மறைத்ததும் இல்லை. பக்கத்துக் கடை தையல்காரர், "ஆணியக்கா நல்லவங்கதான், ஆனா நல்லதைச் சொல்ல வாய் கூசும் அவங்களுக்கு" என்பார். தையல்காரரின் காஜாவைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவர்களுக்கு ஒரே மகள். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. டிரைவரின் பிள்ளை என்பதால் கட்டணத்தில் சலுகை. அந்தச் சலுகை ஆணியக்காவுக்குத் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மற்ற அம்மாக்கள் அவளிடம் பேசுகிற விதத்திலேயே அந்த முள்ளை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். "உங்க பொண்ணு நல்லா படிக்கறாளே!" என்பார்கள், என்னவோ படிக்கக் கூடாதது படித்துவிட்ட மாதிரி.

அந்த வருஷம் பெற்றோர் குழுவில் அவளையும் சேர்த்தார்கள். அவள் மேல் பாசம் பொங்கி அல்ல. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் விடுமுறை அன்பளிப்பு வாங்க வேண்டும். கடை வைத்திருப்பவள் ஒருத்தி குழுவில் இருந்தால் எதையாவது கொள்முதல் விலைக்குக் கறக்கலாம்.

குழுவின் தலைவி, வீட்டுமனை விற்கிற ஒருவரின் மனைவி. எல்லோரும் தலைவியம்மா என்றே கூப்பிட்டார்கள். அந்த அம்மாளும் அதைத் தடுத்ததில்லை. சொற்களுக்கு வலிக்கும் என்பது போல மெதுவாகப் பேசுவார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆத்மா. ஆனால் மற்றவர்கள் பணத்தைக் கொடுப்பதில் கர்ணன்.

பாட்டு வகுப்பு அறையில் கூட்டம் நடந்தது. எட்டு அம்மாக்கள் சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவியம்மா பட்டியலை விரித்தார்.

"நம்ம அன்பையும் காட்டணும், நம்ம கையையும் கடிக்கக் கூடாது. பிரின்ஸிபாலுக்கு ஒரு கண்ணாடிக் கடிகாரம் பாத்து வச்சிருக்கேன். அவங்களுக்குன்னா கொஞ்சம் எடுப்பா இருக்கணும். டீச்சர்களுக்கு வாசனை மெழுகுவர்த்தி, கண்ணாடிக் குடுவையில வர்றது. மற்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு காபி மக், ரெண்டு சாக்லேட்."

"மற்றவங்கன்னா?" என்றாள் ஆணியக்கா.

"அதான், வாட்ச்மேன், ஆயா, தோட்டக்காரர், க்ளீன் பண்றவங்க... மொத்தம் பதினோரு பேர்."

மாதிரிக்கு ஒரு மக் கொண்டுவந்திருந்தார்கள். பளபளக்கிற பெட்டி, அதற்குள் மின்னுகிற தாள், அதற்கு மேல் ரிப்பன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கணக்கு. ஆணியக்கா எல்லாவற்றையும் உரித்துவிட்டு மக்கைக் கையில் எடுத்து ஒரு சுண்டு சுண்டினாள். 'டக்' என்று செத்த சத்தம்.

"உள்ள கீறல் விட்டிருக்கு. மூணாவது தடவை சுடுதண்ணி ஊத்தினா காது தனியா கையில வரும். காலையில வேலைக்குக் கிளம்பற ஆளு மடியில கொதிக்கிற காபி. நல்ல அன்பளிப்பு."

ஒரு அம்மா களுக்கென்று சிரித்துவிட்டு, தலைவியம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு செய்யலாம்," என்றார் தலைவியம்மா, வெண்ணெயில் ஊசி ஏற்றுகிற குரலில். "மற்றவங்களை நீங்களே பாத்துக்கங்க. கடை இருக்கு, சல்லிசா முடிச்சிடுவீங்க. உங்க வீட்டுக்காரரும் அந்த லிஸ்ட்லதானே இருக்கார். அவருக்கு என்ன பிடிக்கும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

இந்தத் தடவை எல்லா அம்மாக்களும் சிரித்தார்கள். ஆணியக்கா அந்தப் பட்டியலை வாங்கினாள். தலைவியம்மாவின் பேனாவையே வாங்கினாள். தன் கணவன் பெயரை அடித்தாள். அடித்த அடியில் தாள் கிழிந்தது.

"இப்ப பத்து பேர். இன்னொண்ணு. போன வருஷம் டீச்சர்களை மேடையில கூப்பிட்டுக் குடுத்தீங்க. எங்க வீட்டுக்காரரையும் மத்தவங்களையும் ஸ்டோர் ரூம் வாசல்ல நிக்கவச்சுக் கையில திணிச்சீங்க. இந்த வருஷம் எல்லாருக்கும் மேடையிலதான். இல்லேன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

தலைவியம்மாவுக்கு மறுக்க வழியில்லை. இசைவாகத் தலையாட்டினார்.

வீட்டில் டிரைவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "யாருக்கு என்ன வேணும்னு அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடேன்," என்றார்.

"பரிசைக் கேட்டுட்டா வாங்குவாங்க? கேட்டா ஆளாளுக்கு ஆகாசத்தைக் கேப்பாங்க. எனக்குக் கண்ணு இல்லையா?"

கண் இருந்தது. நான்கு நாள் மதியம் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போய்ச் சுற்றிவந்தாள். காவலாளியின் கையில் இருந்த டார்ச்சைத் தொடையில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் எரிந்தது. தோட்டக்காரர் செடி வெட்டுகிற கத்தரியின் கைப்பிடியில் துணி சுற்றியிருந்தார். மழலையர் வகுப்பு ஆயா, பிள்ளைகளுக்கு ஷூ மாட்ட நாள் பூராவும் குந்தி உட்கார்ந்து எழுந்தார்; எழும்போதெல்லாம் சுவரைப் பிடித்தார். கழிப்பறைகள் கழுவுகிற பெண் வெறும் கையால் ஆசிட் கலந்த தண்ணீரில் துணியைப் பிழிந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. விரல்கள் மட்டும் எழுபது வயதுக் கிழவியுடையவை. நுனியெல்லாம் வெடித்து வெளுத்திருந்தன.

இதையெல்லாம் பார்க்காமல் மக் வாங்கப் போனதுகளே என்று ஆணியக்கா எட்டு அம்மாக்களையும் மனதுக்குள் வரிசையாக நிற்கவைத்துக் காறித் துப்பினாள்.

தன் கடையிலிருந்தே எடுத்தாள், அடக்க விலைக்கு. ஒரு காசு லாபம் வைக்கவில்லை, சிலதில் கைநஷ்டம். காவலாளிக்கு, கீழே போட்டாலும் அணையாத கனமான டார்ச். தோட்டக்காரருக்கு எஃகுக் கத்தரி. ஆயாவுக்கு மடக்கு முக்காலி. கழுவுகிற பெண்ணுக்கு, முழங்கை வரை வருகிற தடித்த ரப்பர் கையுறை, உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்தது. ஆசிட் ஆலைக்காரர்கள் வாங்குகிற ரகம். அந்தக் கையுறையை எடுத்தபோது அவளுக்கே தன் மேல் ஒரு மதிப்பு வந்தது. கீல் கட்டுகிற அதே பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டினாள். ரிப்பனா? ரிப்பனைத் தின்ன முடியுமா?

பள்ளியின் கடைசி நாள். அரங்கு நிறையப் பிள்ளைகள். பிரின்ஸிபால் நாலு வார்த்தை பேசினார். கண்ணாடிக் கடிகாரத்தைப் பெற்றுக்கொண்டு, அவர் அறையில் ஏற்கெனவே மூன்று கடிகாரங்கள் இருக்கிற துக்கத்தை மறைத்துச் சிரித்தார். பிறகு டீச்சர்கள். ஒவ்வொருவரையும் தலைவியம்மா மேடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொன்னார்; போட்டோவுக்கு அது நன்றாக இருக்குமாம். குடுவைகளைத் திறந்து மோந்து பார்த்து, "ஆஹா" என்றார்கள். முன்வரிசை வரைக்கும் வாசனை வந்தது.

அடுத்து மற்றவர்கள். காவலாளி டார்ச்சைப் பிரித்து எரியவிட்டுக் கூரையில் வட்டம் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கவாட்டில் நின்ற ஆணியக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

கழுவுகிற பெண் மேடைக்கு வந்தாள். அன்றைக்கென்று நல்ல உடை உடுத்தி, தலையை வாரி, ஆளே மாறியிருந்தாள். அந்தப் பள்ளியில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். அந்த மேடையைத் துடைத்திருக்கிறாளே தவிர ஏறியதில்லை. "பிரிங்க, பிரிங்க," என்றார் தலைவியம்மா. அவள் சணலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து, தாளைக் கிழிக்காமல் பிரித்தாள். ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை ரெண்டும் விறைத்துக்கொண்டு எழுந்து நின்றன.

பின்வரிசையில் ஒரு பையன், "டேய், பாத்ரூம் கிளவுஸுடா!" என்று கத்தினான். அரங்கே சிரித்தது. டீச்சர்களில் ரெண்டு பேர் குனிந்துகொண்டார்கள், சிரிப்பை மறைக்க.

"ரொம்பப் பயனுள்ள பொருள்," என்றார் தலைவியம்மா மைக்கில். அந்த அம்மாளின் வாழ்க்கையிலேயே அவ்வளவு இனிப்பான வாக்கியத்தைச் சொல்லியிருக்கமாட்டார்.

அந்தப் பெண் தாளை மறுபடி மடித்துச் சுற்றினாள். கும்பிட்டாள். இறங்கிப் போனாள்.

ஆணியக்கா வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். வளர்த்திருக்கிற லட்சணம், அந்தப் பையனின் பல், தலைவியம்மாவின் சிரிப்பு, எதையும் விடவில்லை. "நல்ல பொருளுக்கு மரியாதை தெரியாத ஜென்மங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" மனைவியே பட்டியலில் பெயரை அடித்த செய்தி பரவியதில், அந்த வருஷம் டிரைவரின் பை காலி. பிள்ளைகள் வரைந்து கொடுத்த ரெண்டு படங்கள் மட்டும் சட்டைப்பையில் இருந்தன. அவற்றை அவளிடம் காட்டவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்து ஒருமணி நேரம் இருக்கும். கழுவுகிற பெண் வந்தாள். பழுப்புப் பொட்டலத்தைக் கல்லா மேஜையில் வைத்தாள்.

"அளவு பத்தலையாம்மா? மாத்தித் தர்றேன்."

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாங்க்கா."

"ஏன்? அந்தப் பசங்க சிரிச்சாங்கன்னா? அதுங்க கிடக்குதுங்க. உன் கை என்ன கதியில இருக்குன்னு பாத்தியா? இதைப் போட்டா..."

"என் கை எனக்குத் தெரியாதாக்கா? ரெண்டு வருஷமா ஆபீஸ்ல கையுறை கேட்டுக்கிட்டு இருக்கேன். போன மாசம்தான் மேனேஜர் பாக்கறேன்னு சொன்னார். நேத்து சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, 'அதான் பேரன்ட்ஸ் குடுத்துட்டாங்களே, இனிமே கேக்காதே'ன்னுட்டார். ஸ்கூல் குடுக்க வேண்டியதை நீங்க குடுத்து, அவங்க செலவை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கீங்க. அதுல எனக்கு என்ன பரிசு?"

ஆணியக்கா பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து, சணல் முடிச்சை நகத்தால் நிமிண்டினாள்.

"டீச்சருங்களுக்கு வாசனை மெழுகுவர்த்தி குடுத்தாங்களே," என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். கோபமாகக்கூட இல்லை. "நான் மேடைக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தேன். என்னா வாசனை! எனக்கும் அதுதான் வரும்னு நெனச்சேன். நாள் பூரா நான் எந்த நாத்தத்துல நிக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்ல. வீட்டுக்குப் போனா ஒரு நாழியாவது நல்ல வாசனையில உக்காரணும்னு இருக்காதா? மேடை ஏத்தி, எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும், நீ இதுக்குத்தான்னு காட்டிட்டீங்களேக்கா."

பொட்டலத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆணியக்கா அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. ஒருவன் அளவு தெரியாமல் வாஷர் கேட்டதற்கு, மூன்று அளவையும் கொடுத்து, பொருந்தாததைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள். தையல்காரர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டார். தன்னைத் தானே சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தலைவியம்மாவாவது ஒரு மக்கைக் கொடுத்து, கழுவுகிறவளும் காபி குடிப்பாள் என்று ஒத்துக்கொண்டிருப்பார். அந்தக் கஞ்சப் பிசினாரியைவிட ஒரு படி கீழே போய்விட்டோம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மெழுகுவர்த்திக் கடைக்குப் போனாள். குளிர்சாதனம் போட்ட கடை. மெழுகைக் குடுவையில் ஊற்றித் திரி வைத்ததற்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டால், அந்தக் காசுக்கு ஒரு வீட்டுக்கே பல்பு மாட்டலாம். விற்பனையாளன் ஒருவன், மீசை முளைக்காத முகத்தில் ஞானி மாதிரி ஒரு புன்னகை. "இது பாருங்க மேடம், 'மழை நின்ற தோட்டம்'. இது 'மாலை நேரத்து மௌனம்'."

"மௌனத்துக்கு ஏதுப்பா வாசனை? எலுமிச்சை இருக்கா?"

சுத்தமான, நேர்மையான வாசனை என்று எலுமிச்சையை வாங்கினாள். பள்ளி அலுவலகத்தில் அந்தப் பெண்ணின் விலாசம் கேட்டுப் போனாள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் சின்னக் கட்டில், மடித்த துணிகள், தரை கண்ணாடி மாதிரி. கழுவுகிற பெண் ஆச்சரியப்பட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆணியக்கா உட்காராமல் பெட்டியை நீட்டினாள். "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லத்தான் மாடி ஏறினாள். வாயில் வந்தது, "இந்தாங்க, பிடிங்க" என்பதுதான்.

அவள் மூடியைத் திறந்து மோந்தாள். மறுபடி மோந்தாள். முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"என்னங்க?"

"அக்கா... தப்பா எடுத்துக்காதீங்க. இது கக்கூஸ் கழுவற லோஷன் வாசனைக்கா. அச்சு அசல் அதே."

ஆணியக்கா வாங்கி மோந்தாள். அதேதான். ரெண்டாவது தடவையும் அவளுக்குக் கழிப்பறையையே பரிசாகக் கொண்டுவந்திருந்தாள்.

"மாத்திக் குடுப்பாங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"குடுக்கலேன்னா கடையைப் பிரிச்சுடறேன். செருப்பை மாட்டுங்க."

ரெண்டு பேரும் போனார்கள். ஞானியின் புன்னகை, அந்தப் பெண்ணின் வெடித்த விரல்கள் கண்ணாடிக் குடுவைகள் மேல் படுவதைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது. "எல்லாத்தையும் திறக்காதீங்கம்மா, வாசனை போயிடும்," என்றான்.

"ஏன், வாசனையை எண்ணியா வச்சிருக்கீங்க?" என்றாள் ஆணியக்கா. "வாங்கற பொருளைப் பாத்துத்தான் வாங்குவாங்க. நீ போய் உன் மௌனத்தை அந்தப் பக்கம் வித்துக்கிட்டு இரு."

ஒரு மணி நேரம் ஆயிற்று. கழுவுகிற பெண் அவசரப்படவில்லை. ஒவ்வொரு குடுவையாகத் திறந்து, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, தலையை ஆட்டி வைத்தாள். இரும்புச் சாமானைத் தான் எடை பார்ப்பது போலவே அவள் வாசனையை எடை பார்ப்பதை ஆணியக்கா கவனித்தாள். தொழில்காரியின் மூக்கு. கெட்ட நாற்றம் அத்தனையும் தரம் பிரித்துத் தெரிந்தவளுக்கு நல்லது எதுவென்று தெரியாதா? கடைசியில் ஒரு மூலையில், விலை குறைத்துக் கட்டி வைத்திருந்த ஒரு சின்னக் குடுவையை எடுத்தாள். புதுச் சோப்பில் துவைத்து வெயிலில் உலர்ந்த துணி மாதிரி ஒரு மணம். "இதுதான்," என்றாள். எலுமிச்சையைவிட விலை கம்மி. மீதியை ஞானி எண்ணிக் கொடுக்கும்வரை ஆணியக்கா அவனை முறைத்துக்கொண்டே நின்றாள்.

கையுறை விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே ஆணியக்கா மேனேஜர் மேஜை முன் உட்கார்ந்தாள். அவர், "நீங்களே இவ்வளவு நல்ல கையுறை குடுத்திருக்கும்போது..." என்று ஆரம்பித்தார்.

"அதைத் திருப்பி வாங்கிட்டேன். நான் என்ன உங்க ஸ்கூலுக்கு மாமியார் வீட்டுச் சீரா செய்யறேன்? உங்க வேலைக்கு உங்க கையுறை. நாளைக்கே குடுக்கலேன்னா, அடுத்த பெற்றோர் கூட்டத்துல அந்த அம்மா கையை மேடையில காட்டச் சொல்வேன். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"சரி, உங்க கடையிலயே ஆர்டர் போட்டுடறேன்," என்றார் அவர் குழைந்து.

"என் கடையில வேண்டாம். அப்புறம் இதுக்காகத்தான் கத்தினேன்னு உங்க தலைவியம்மா பாட்டுப் பாடுவாங்க. வேற எங்கயாவது வாங்குங்க."

வேறெங்கோ வாங்கினார்கள். மட்டமான சரக்கு, நாலு மாசத்தில் கட்டைவிரலில் ஓட்டை விழும் என்று பார்த்ததுமே சொன்னாள். மூணாவது மாசமே விழுந்தது. அதற்கும் போய்க் கத்தினாள். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வர ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் கூட்டத்துக்குத் தலைவியம்மா அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போனாள். 'மற்றவங்க' பட்டியலைக் கேட்டு வாங்கினாள். மேடையில் எதையும் பிரிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டாள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பத்து பேரிடமும் போய் நேராகக் கேட்டாள். அவள் பயந்தது போலவே ஆளாளுக்கு ஆகாசத்தைக் கேட்டார்கள். தோட்டக்காரருக்கு ஒரு ரப்பர் பந்து வேண்டும், பேத்தியோடு விளையாட. காவலாளிக்கு முகத்தில் அடித்துக்கொள்கிற சென்ட். ஆபீஸ் உதவியாளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம், அதுவும் பேய்க்கதை.

"இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?" என்றார் தலைவியம்மா.

"கண்ணாடிக் கடிகாரம் எதுக்கோ அதுக்குத்தான்," என்றாள் ஆணியக்கா. "ஒண்ணுத்துக்கும் இல்ல. அதான் பரிசு."

சொன்னாளே தவிர, அவளுக்கு ஒப்பவில்லை. பேய்க்கதையை எடுக்கும்போது, "தண்டம்" என்று வாய்விட்டே சொன்னாள். சென்ட் பாட்டிலை அமுக்கித் தும்மிவிட்டு, "மாட்டுக்கு அடிக்கிற மருந்து இதைவிடத் தேவலை" என்றாள். ஆனால் கேட்டது எதுவோ அதையே வாங்கினாள். அரை அங்குலம் கேட்டவனுக்கு முக்கால் அங்குலம் கொடுப்பது எப்படி வியாபாரம் ஆகும்?

கடைசியாக ஆயாவின் முறை. அறுபதை நெருங்கும் ஆயா, பிள்ளைகள் காதில் விழாதபடி குனிந்து, "உதட்டுச் சாயம்" என்றார். "நல்ல சிவப்பு. ரொம்ப நாளா ஆசை."

அழகுசாதனக் கடையில் ஒரு சின்னப் பெண், இருபது சிவப்புகளை வரிசையாகப் பரப்பிவைத்து, ஆணியக்காவின் முகத்தையும் கிரீஸ் படிந்த நகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கா மேடம்?"

"ஏன், எனக்குன்னா விக்கமாட்டியா? எங்க ஆயாவுக்கு. எது அழியாம நிக்கும், அதைக் காட்டு. நிறத்துக்குப் பேரு சொல்லி என் நேரத்தைக் கழிக்காதே."

சாயங்களை ஒவ்வொன்றாகப் புறங்கையில் இழுத்து, ஈரக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பதினெட்டு அழிந்தன. அவற்றைச் செய்தவன் பரம்பரையையே ஏசிக்கொண்டு, மீதி ரெண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்து, ஆயாவின் நிறத்துக்கு எது எடுக்கும் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றாள்.